தடால் அண்ணி நாரையான கதை

என் அண்ணன் மனைவிக்கு நான் வைத்த பெயர் ‘தடால்’. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் சொல்வேன். முதுகுக்குப் பின்னால் பேசும் பழக்கம் எனக்கில்லை. கல்யாணமாகி வந்த அன்றே வாசற்படி தடுக்கி, நாத்தனாரான என் மேல் விழுந்தவள். அதற்கப்புறம் அந்த வீட்டில் அவள் தடுக்காத பொருளே கிடையாது. நாங்கள் சிரிப்போம், அவளும் சிரிப்பாள். ஆனால் அவளுக்கு அது வலித்தது என்று எனக்குத் தெரியும்.

விழுந்து விழுந்தே உடம்பு ரப்பராகிவிட்டதோ என்னவோ, எப்படி வளைத்தாலும் வளையும். கட்டிலுக்கடியில் உருண்டுபோன வெங்காயத்தை முட்டி மடக்காமல் குனிந்து எடுத்ததை மாடிவீட்டு டிரில் மாஸ்டர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். அவர் அப்போது டிவியில் யோகா நிகழ்ச்சிக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். செய்து காட்ட ஓர் ஆள் வேண்டும் என்று அண்ணியைக் கூட்டிக்கொண்டு போனார்.

காலையில் நேரலை. கண்ணாடி அறைக்குள்ளிருந்து மாஸ்டர் சொல்லச் சொல்ல, அண்ணி கம்பளத்தின் மேல் செய்வாள். ஊரே அவளைப் பார்த்துக் கையைத் தூக்கியது. மார்க்கெட்டில் முன்பின் தெரியாதவர்கள் அவளுக்கு வழி விட்டார்கள். அண்ணி நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தாள். என்ன, நிமிர்ந்து நடந்ததில் இன்னும் இரண்டு வாளியைத் தட்டிவிட்டாள்.

ஒருநாள் ஒற்றைக்காலில் மரம்போல் நிற்கும் ஆசனம். அமைதியாக நிற்கிறாள். கம்பளத்தில் ஒரு கரப்பான்பூச்சி அவள் பாதத்தைக் குறி வைத்து ஓடி வருகிறது. அடக் கடவுளே! வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குப் பூச்சி தெரியவில்லை, அப்புறம் அவள் சொல்லித்தான் தெரியும். அண்ணி முன்னால் சாய்ந்தாள். ஒரு கால் பின்னால் பறந்தது. ஒரு கை அந்தக் காலைப் பிடித்தது, இன்னொரு கை காற்றை. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

மாஸ்டர் எச்சில் விழுங்கியது மைக்கில் கேட்டது. பிறகு கனத்த குரலில், “இப்போது மெதுவாக முன்னால் சாய்ந்து... இது நாரை” என்றார்.

டிவி நிலையத்துக்கு ஓயாமல் போன். நாரையை மறுபடி காட்டுங்கள், எங்களுக்குச் சரியாக வரவில்லை என்று. நிலைய அதிகாரிக்கு மட்டும் சந்தேகம். அண்ணியை அறைக்குக் கூப்பிட்டார்.

“அடுத்த வாரம் இதையே செய்ங்க. செஞ்சா ஆசனம். செய்யலைன்னா அன்னிக்கு நீங்க விழுந்தீங்கன்னு அர்த்தம். விழற ஆளை வெச்சு நான் நிகழ்ச்சி நடத்த முடியாது.”

வீட்டில் அந்த வாரம் ஒரே கூத்து. அண்ணி அரிசி டின் மேல் விழுந்தாள், அலமாரி மேல் விழுந்தாள், அண்ணன் மேல் விழுந்தாள். என் அண்ணன் இருக்கிறாரே, மகா புத்திசாலி, தீப்பெட்டியில் கரப்பான்பூச்சி பிடித்து வந்து கூடத்தில் திறந்துவிட்டார். அண்ணி நாற்காலி மேல் ஏறிவிட்டாள். பூச்சி என் புடவைக்குள் புகுந்தது. அன்று நான் ஆடியதற்கு எந்த யோகா புத்தகத்திலும் பெயரில்லை.

“என்னால முடியாது. நான் தடால்தான்” என்று அண்ணி அழுதாள். எனக்குச் சுருக்கென்றது. பெயர் வைத்தது நானல்லவா.

மாஸ்டர் இறங்கி வந்தார். “நிஜத்த சொல்லுங்க மாஸ்டர், அப்படி ஒரு ஆசனம் இருக்கா?” என்று பிடித்துக்கொண்டேன்.

“எனக்கு என்னம்மா தெரியும்? நான் சொல்லித்தர்றதுல பாதி பள்ளிக்கூட டிரில், பாதி குஸ்தி, மிச்சம்தான் பழைய புத்தகம். எல்லாத்தையும் யாரோ ஒருத்தர் முதல்ல செஞ்சிருப்பாங்கல்ல? அவங்களும் எங்கேயாவது தடுமாறித்தான் இருப்பாங்க.”

அண்ணி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “எனக்கு நிக்கத்தான் வரலை. விழ நல்லா வரும். மெதுவா விழுந்து பாக்கட்டுமா?”

விழுந்தாள். அவசரமில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக. விழும் வழியில், விழாமல் நிற்கிற ஓர் இடம் வந்தது. அங்கே கால் தானாக எழும்பியது, கை போய்ப் பிடித்தது. மாஸ்டர் டிரில் எண்ணிக்கையில் ஒன்று, இரண்டு என்று சொல்ல, அண்ணி அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் வந்தாள்.

அடுத்த வாரம் நேரலையில் நாரை நின்றது. பூச்சியும் இல்லை, ஒன்றுமில்லை. பயத்தில் உதட்டை மட்டும் கடித்துக்கொண்டிருந்தாள். நான் டிவி முன்னால் நின்று கைதட்டி அழுதேன். வெகுகாலம் அந்தக் கம்பளம் அவளுடையதாகவே இருந்தது.

இப்போது எனக்கும் அண்ணிக்கும் வயசாகி முட்டிவலி. பக்கத்துத் தெரு மண்டபத்தில் யோகா வகுப்பில் சேர்ந்திருக்கிறோம். போன வாரம் அங்கே சொல்லித்தருகிற பெண் கண்ணை மூடிக்கொண்டு, “அடுத்தது நாரை. ரொம்ப ரொம்பப் பழைய ஆசனம்” என்றாள். நான் அண்ணியைக் கிள்ளினேன். அவள் என்னைத் திருப்பிக் கிள்ளினாள்.

“கீழுதட்ட லேசா கடிச்சுக்கணும். அதுதான் இந்த ஆசனத்தோட உயிர்” என்று தொடர்ந்தாள் அந்தப் பெண்.

மண்டபம் முழுக்க எல்லோரும் பவ்யமாக உதட்டைக் கடித்துக்கொண்டு சாய்ந்தார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணிக்கும்தான், உதட்டைக் கடிக்க முடியவில்லை, ஒற்றைக்காலில் ஆடினாள்.

அந்தப் பெண் ஓடிவந்து தோளைப் பிடித்தாள். “பாத்து, அம்மா, விழுந்துடப் போறீங்க!”

“விழுந்தா என்ன கண்ணு?” என்றாள் என் அண்ணி. “இன்னொரு ஆசனம் கிடைக்கும்.”