பாதிக்கு மேல் இருந்தால் எண்ணு

அந்த வீடியோ ஒரு நிமிடம்கூட ஓடாது. அந்தமானில், கராச்சர்மாவிலுள்ள எங்கள் சபையின் தகரக் கூரைக்குக் கீழே, மைக்கைப் பிடித்தபடி நான் சாட்சி சொல்கிறேன். "நான் தினமும் மைக்ராஸ்கோப்ல பாக்குற ஓடெல்லாம் நோவா காலத்து வெள்ளம் விட்டுட்டுப் போனதுதான்." பின்னால் அல்லேலூயா. யாரோ கைப்பேசியில் எடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் போட, மூன்று வாரம் தீவைச் சுற்றிவிட்டு அது எங்கள் ஆய்வகத் தலைவரின் கைக்கு வந்தது. என் ஒப்பந்தம் முடிய ஒன்பது நாள் இருந்தது. அவர் கையெழுத்திட்டால்தான் அடுத்த ஆண்டு வேலை.

கல்லை ஊறவைத்துக் கரைத்துச் சலித்து, அதில் மிஞ்சும் நுண்ணிய கடலுயிர்களின் ஓடுகளை ஈரத் தூரிகையால் பொறுக்கி, வகைவாரியாக ஸ்லைடில் ஒட்டி எண்ணுவது என் வேலை. எந்த வகை எத்தனை என்பதை வைத்து, அந்தக் கல் எவ்வளவு ஆழமான கடலில், எந்தக் காலத்தில் படிந்தது என்று எழுதுவோம். பல லட்சம் ஆண்டுகள் என்று அறிக்கையில் நானே தட்டச்சு செய்திருக்கிறேன். ஆறு நாளில் உலகைப் படைத்தவரே என்று அன்று மாலையே ஜெபித்தும் இருக்கிறேன். இரண்டையும் எப்படிப் பொருத்துகிறாய் என்று கேட்டால், பொருத்தவில்லை என்பதுதான் என் பதில். விசுவாசம் என்னுடையது, எண்ணிக்கை விதிப்படி. ஒன்று மற்றதைத் தொட்டதில்லை என்று நம்பியிருந்தேன்.

தலைவர் கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"இது நீதானம்மா?"

"நான்தான் சார்."

"நீ யாரைக் கும்பிடுறேங்கிறது எனக்கு வேண்டாம். நம்ம சௌல்தாரி ஊர்க் கல்லைப் பத்தின ரிசர்ச் பேப்பர் மெயின்லேண்டு ஜர்னலுக்குப் போகுது. அதுல இருக்கற எண்ணிக்கை பூரா உன் கை. 'இந்தப் பொண்ணு வெள்ளத்தைத் தேடித்தான் எண்ணுச்சு'ன்னு ஒருத்தன் எழுதினா நான் என்ன பதில் சொல்றது?"

"மறுபடி எண்ணிக் காட்டுறேன் சார்."

பன்னிரண்டு ஸ்லைடுகளை அவரே எடுத்தார். எது எந்த ஸ்லைடு என்று தெரியாதபடி அவற்றின் எண்களை டேப்பால் மறைத்துத் தருவார்கள், நான் எண்ண வேண்டும். பழைய பட்டியலோடு ஒத்துப்போனால் கையெழுத்து. இல்லையென்றால் மாதக் கடைசியில் மேசையைக் காலி செய்ய வேண்டும்.

கறுப்பு டேப்பை ஒட்டியவர் ஆய்வக உதவியாளர். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே குடியேற்றப்பட்ட குடும்பத்தில், இந்தத் தீவிலேயே பிறந்தவர். அண்ணா என்று கூப்பிடுவேன்.

"அரே தங்கச்சி, நோவா கப்பல்ல ஏறுனவங்களுக்காச்சும் டிக்கெட் கெடைச்சுச்சு. நான் சென்னை கப்பலுக்கு மூணு நாளா லைன்ல நிக்கிறேன்."

"சிரிக்கிற நேரமா அண்ணா இது?"

"அதான் சொல்றேன். டென்ஷன் எடுக்காத. எண்ணு, பஸ், அவ்வளவுதான்."

நோட்டில் எழுதிக்கொண்டேன். ஒன்று, அவசரப்படாதே. இரண்டு, வகை சந்தேகமானால் தனியே குறி. மூன்று, உடைந்த ஓடு பாதிக்கு மேல் இருந்தால் எண்ணு, இல்லையென்றால் விடு. மூன்றாவது எங்கள் ஆய்வகத்தின் விதி. இல்லாவிட்டால் உடைந்த ஒரே ஓட்டை இரண்டு முறை எண்ணிவிடுவோம்.

முதல் நாள் ஆறு ஸ்லைடுகள் முடிந்தன. இரண்டாம் நாள் காலை, ஏழாவதைக் கண்ணாடிக்குக் கீழே வைத்ததும் என் கை நின்றது. ஆழமில்லாத கடலில் வாழும் வகைக்கான கட்டங்களில், முழு ஓடுகளுக்கு நடுவே சில்லுகள் ஒட்டியிருந்தன. விளிம்புத் துண்டுகள். பாதி அல்ல, கால்வாசிகூட இல்லை. ஒவ்வொன்றின் அடியிலும் சின்னப் பசைத்துளி. என் பசைத்துளிதான், அவ்வளவு சிறிதாக அங்கே வேறு யாரும் வைக்க மாட்டார்கள்.

சில்லுகளைச் சேர்த்தால் கரையோர ஓடும் ஆழ்கடல் ஓடும் சரிக்குச் சரி கலந்து, பெருவெள்ளம் வாரிக்கொண்டு வந்து போட்டதுபோல் இருந்தது. அவற்றை விட்டால் அது சாதாரண ஆழ்கடல் சேறு.

சில்லுகளை அன்றும் எண்ணியிருக்கிறேன் என்பது தெளிவு. இன்றும் எண்ணினால் பட்டியலோடு ஒத்துப்போகும். தலைவர் தாளில் எண்ணைத்தான் பார்ப்பார், கண்ணாடிக்குள் அல்ல. மூன்றாவது வரியின்மேல் பென்சிலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஜெபிக்கவும் வரவில்லை. பிறகு விதிப்படி எண்ணினேன்.

மாலையில் டேப்பை உரித்து எண்களை ஒப்பிட்டார்கள். பதினொன்று ஒத்துப்போயின. ஏழாவதில் தலைவரின் பேனா நின்றது.

"லென்ஸ் பழசு சார், ஒரு பக்கம் பூஞ்சை பிடிச்சிருக்கு," என்றார் அண்ணா.

"லென்ஸ் இல்ல சார். சில்லையும் சேத்து எண்ணிருக்கேன். எண்ணின தேதியைப் பாருங்க."

நான் சாட்சி சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த நாள் அது. வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன். வேண்டுமென்று செய்திருந்தால் எனக்காவது தெரிந்திருக்கும்.

தலைவர் குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தார். நிமிர நேரமாயிற்று.

"இருக்கற எல்லா ஸ்லைடையும் திரும்ப எண்ணு. டேப் ஒட்டித்தான்."

"ஒப்பந்தம் சார்?"

"ஆறு மாசம் போடுறேன். பேப்பர்ல உன் பேரு வராது. அதுக்கு மேல கேக்காதம்மா."

படித்து முடித்ததிலிருந்து ஒரு கட்டுரையின் ஆசிரியர் வரியில் என் பெயர் வருவதற்காகத்தான் காத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் மைக்கை என் பக்கம் நீட்டினார். "சகோதரி, அந்தக் கல்லப் பத்தி இன்னொரு வாட்டி சொல்லுங்க. நெறைய பேருக்கு ஆசீர்வாதமா இருந்துச்சு."

எழுந்தேன். "போன தடவ வெள்ளம்னு சொன்னேன். அந்தக் கல்லுல வெள்ளத்துக்கு என்கிட்ட ஆதாரம் இல்ல. கர்த்தர் படைச்சார்னு விசுவாசிக்கிறேன். அது மட்டும்தான் என் சாட்சி."

கூரையில் மழை இறங்கியிருந்தது. பாஸ்டர் மைக்கை வாங்கிக்கொண்டு அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். முன்வரிசையில் இருந்த என் அம்மா திரும்பிப் பார்க்கவே இல்லை.

திங்கட்கிழமை காலை, முதல் ஸ்லைடின் எண்மேல் அண்ணா டேப்பை ஒட்டிக் கொடுத்தார். எண்ணத் தொடங்கினேன்.