செல்வியக்கா தனியாக எடுத்து வைத்த பொங்கல்

போன நவம்பரில் என் கணவரை அடக்கம் செய்தோம். லக்கலைக்குப் பஸ் ஓட்டிப் போனவர், பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸை ஓரங்கட்டினார். ஏறியிருந்த அத்தனை பேரும் தப்பினார்கள். அவர் மட்டும் தப்பவில்லை. நாற்பத்தொரு வயது, சகோதர சகோதரிகளே. இதை எப்படித் தாங்குவது?

அதோடு எங்கள் மகள் ரூத் சாப்பாட்டை விட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளை. இராச்சாப்பாடு அப்பாதான் ஊட்டிவிடுவார். இப்போது சோற்றைக் கண்டாலே ஓங்காளித்தாள். டொக்டர் பார்த்துவிட்டு, "உடம்புல ஒன்னுமில்ல. மனசுலதான்" என்றார். ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கியதும், காலைக் கூட்டத்திலேயே மயங்கி விழுந்தாள். தூக்கிவந்த டீச்சர், "புள்ள பஞ்சு மாதிரி இருக்கா" என்று சொல்லி அழுதார்.

நான் உபவாசமிருந்தேன். தரையில் விழுந்து கத்தினேன். "ஆண்டவரே, அவர் உயிரைக் கேட்டேன், தரவில்லை. இவளையாவது ஒரு வாய் சாப்பிட வையுங்கள்" என்றேன். கோபத்தோடுதான் கேட்டேன். மறைக்க மாட்டேன்.

எங்கள் தெரு உங்களுக்குத் தெரியும். கோயில் மணி, பள்ளிவாசல் பாங்கு, விகாரையில் பிக்குமார் ஓதும் பிரித், நம் சபைப் பாட்டு, எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழும். பிள்ளைகளும் ஒரே வகுப்புத்தான், சமயப் பாடத்துக்கு மட்டும் பிரிந்து போவார்கள். பக்கத்து வீட்டுச் செல்வியக்காவின் மகள் கௌரி, ரூத்துக்கு உயிர்த் தோழி. தைப்பொங்கலுக்கு அக்கா எல்லா வீட்டுக்கும் பொங்கல் அனுப்புவார். ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து, ஆறு வருடமாக நான் அதைத் திருப்பி அனுப்பினேன். சாமிக்குப் படைத்ததை நாங்கள் தொடமாட்டோம் என்று முகத்துக்கு நேரே சொல்வேன்.

இந்தத் தைப்பொங்கலன்று காலையில் ரூத்தைக் காணவில்லை. பதறிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். குசினித் தரையில் கௌரியோடு உட்கார்ந்து, பொங்கலை அள்ளி அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு மாதமாக நான் அழுது கேட்டது அதுதான். ஆனால் என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "ரூத்! துப்பு அத!"

பிள்ளையின் கை அப்படியே நின்றது.

செல்வியக்கா அடுப்படியிலிருந்து திரும்பினார். "கத்தாதீங்க தங்கச்சி. அது படைச்சது இல்ல. சாமிக்கு வைக்க முந்தியே ஒங்க வீட்டுக்குன்னு தனிச் சட்டியில எடுத்து வச்சது."

"எனக்காகவா? இந்த வருசமா?"

"நீங்க மொத தடவ திருப்பி அனுப்பினீங்களே, அதுக்கு அடுத்த வருசத்துலருந்து இப்பிடித்தான். சொல்ல வாயெடுக்க முந்தி நீங்க கதவ சாத்திருவீங்க."

ஐயோ, எனக்கு நிலம் பிளந்து என்னை விழுங்கினால் போதும் என்றிருந்தது. ரூத் என்னைப் பார்த்து, "அம்மா, சாப்பிடவா?" என்று கேட்டாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய அப்பா ஊட்டுவது போலவே ஊட்டினேன். வாங்கிக்கொண்டாள். நானும் சாப்பிட்டேன். அழுகையில் ருசி தெரியவில்லை.

இப்போது ரூத் மூன்று வேளையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறாள். ஆனால் அவர் இல்லை. பஸ் ஹோர்ன் கேட்டால் இன்னும் இரண்டு பேரும் வாசலைப் பார்க்கிறோம். அந்தத் துக்கம் போகவில்லை, போய்விட்டது என்று சொன்னால் பொய்.

போன வருடம் இதே இடத்தில் நின்று, பொங்கலைத் திருப்பி அனுப்பினதைச் சாட்சியாகச் சொன்னேன். நீங்களும் அல்லேலூயா என்றீர்கள். அது சாட்சி இல்லை, என் அகம்பாவம். அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "போங்க தங்கச்சி, புள்ள சாப்பிட்டாளே, அது போதும்" என்றார்.

அழுதுகொண்டிருப்பவர்களே, விடாமல் ஜெபியுங்கள். ஆண்டவர் கேட்கிறார், எனக்குத் தெரியும். ஆனால் பதிலை எந்த வீட்டு அடுப்பில் சமைக்கவேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.