நல்ல நேரத்தில் மாடியேறிய பெட்டி

கொட்டாஞ்சேனையில் பிறந்து, கலியாணத்தின் பின் வெள்ளவத்தைக்கு வந்த சிவமணி, இருபத்திரண்டு வருடமாக ஒரு தனியார் மருத்துவமனையில் நோயாளருக்கு இலக்கம் வழங்குபவர். எந்த வைத்தியர் எத்தனை மணிக்கு வருவார், யார் எத்தனையாவது ஆள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் கடந்த ஆடி மாதம் முழுவதும், மத்தியானச் சோற்றுக்குப் பின் கூடமே கண்ணயரும் அரை மணித்தியாலத்தில், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அவருக்கு வேறோர் ஊர் தெரிந்தது. வெளிறிய மரங்கள், ஓசையில்லாத தெரு, பச்சைத் தொப்பியோடு நடந்து போகும் யதுஷா.

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிக்கும் மகள் யதுஷாவுக்குப் பின்லாந்தில் ஐந்து மாதம் படிக்க இடம் கிடைத்திருந்தது. அங்கிருந்து வந்த நாலு பக்கக் கடிதத்தை அச்சிட்டு, "அம்மா, தாய் தகப்பனும் வாசிக்க வேணுமாம்" என்று நீட்டிவிட்டுப் பரீட்சைக்குப் படிக்கப் போனாள். சிவமணி அதை இரண்டு கையாலும் வாங்கி, மூலையில் சந்தனம் தொட்டு, முருகன் படத்தின் முன் வைத்தார். தினமும் அதற்குப் பூ வைத்தார். ஆனால் வாசிக்கவில்லை.

பயணத்துக்குக் கோயில் ஐயர் ஆவணி பிறந்த நாலாம் நாளைக் குறித்துக் கொடுத்தார்: புதன்கிழமை, காலை ஒன்பது பத்துக்கு மேல். சிவமணி அன்றைக்கே விமானத்தில் இடம் பிடித்துவைத்தார். வெள்ளி மாலைக்குள் உறுதி சொல்ல வேண்டும்.

வியாழனன்று பரீட்சை முடிந்து வந்த யதுஷா அதைக் கேட்டுத் திகைத்தாள்.

"புதனோ? விசாவே ஞாயிற்றுக்கிழமைதானே தொடங்குது! ஹொஸ்டலும் அண்டைக்குத்தான் திறக்கும்."

"ஞாயிறு பிரதமை. பிரதமையில பிள்ளையை அனுப்ப மாட்டன். மாமாவை மறந்திட்டியோ?"

சிவமணியின் தமையன் நாள் பாராமல் அவசரமாகப் புறப்பட்டு, இரண்டு முறை விமான நிலையத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர். நாள் சரியில்லை என்பதே அந்தக் குடும்பத்தில் முப்பது வருடமாக நிலைத்த காரணம்.

"மாமாவைத் திருப்பினது நாள் இல்லையம்மா, கடதாசி."

இரத்மலானையில் வேலை முடிந்து அப்போதுதான் வந்த கணவர் சண்முகலிங்கம், "விசா குடுக்கிறவைக்கும் ஒரு பஞ்சாங்கம் அனுப்பியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.

சிவமணி கடிதத்தை எடுத்துக்கொண்டு மேல்மாடிக்கு ஏறினார். அங்கே இருக்கும் ஸீனத்தின் மகன் நபீஸ் போன வருடம் இப்படித்தான் மலேசியா போய் வந்தவன். ஸீனத் தன் பக்கம் நிற்பாள் என்பது அவருடைய நம்பிக்கை.

ஸீனத் கண்ணாடி போட்டு நாலு பக்கத்தையும் ஆறுதலாக வாசித்தாள்.

"அக்கா, பூ வெக்கிறதுக்கு முந்தி இத வாசிச்சீக்கணும். ரெண்டாம் பக்கத்துல திகதி தெளிவா ஈக்கே. புதன்கிழம அனுப்பினா எயார்போட்டுலேயே திருப்புவாங்க. திருப்பாட்டியும் நாலு நாள் புள்ள எங்க படுக்கும்?"

ஓசையில்லாத அந்தத் தெருவில், பூட்டிய கதவொன்றின் முன் யதுஷா பெட்டியின்மேல் குந்தியிருப்பது சிவமணிக்குத் தெரிந்தது. அங்கே இலக்கம் கொடுக்கவும் ஆளில்லை.

"இன்னும் ஒண்டு," என்றாள் ஸீனத். "அங்க படிக்கிற பாடத்த இங்க ஏத்துக்குவாங்களா எண்டு கேட்டீங்களா? நபீஸ் அத எழுத்துல வாங்காமப் போய், வந்தப்புறம் ரெண்டு பாடத்தத் திரும்பப் படிச்சான்."

சிவமணிக்கு, தாயார் வீட்டில் கண்ட ஒரு வழக்கம் நினைவில் எழுந்தது. நல்ல நாளில் ஆள் புறப்பட முடியாவிட்டால், பெட்டியை அந்த நேரத்தில் வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைப்பார்கள். பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. ஐயரும் தொலைபேசியில், "தாராளமாகச் செய்யலாம்" என்றார்.

"அப்ப பெட்டி எங்கட ஊட்டுல விருந்தாளி," என்று ஸீனத் சிரித்தாள். "பிரியாணி திங்குமா, இல்ல சைவமா?"

வெள்ளியன்று பயணச்சீட்டு ஞாயிறு காலைக்கு மாறியது. புதன் காலை ஒன்பதே காலுக்குச் சண்முகலிங்கம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார். அதன் பிறகு வீட்டில் மகள் இருந்தும் இல்லாதது போலிருந்தது. சோறு கேட்டாள், முடி உலர்த்தினாள். ஆனால் அவளில் பாதி எங்கோ மேகத்தின்மேல் போய்க்கொண்டிருப்பதாகவே சிவமணிக்குத் தோன்றியது. பின்னேரங்களில் மாடிக்குப் போய்ப் பெட்டியின் கைபிடியைத் தொட்டுவிட்டு வந்தார். அந்த நாலு நாளில் கடிதத்தை வரி வரியாக வாசித்தார். காப்புறுதி எந்தத் திகதிவரை என்று கேட்டார். பாடங்களை ஏற்பதாகத் துறைத்தலைவர் ஒப்பமிட்ட கடதாசியைக் கையில் வாங்கிப் பார்த்தபின்தான் ஓய்ந்தார்.

ஞாயிறு காலை யதுஷா ஸீனத்தின் வாசலிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். யாரும் பிரதமையைப் பற்றிக் கதைக்கவில்லை.

மறுநாள் விடிந்தபோது கைத்தொலைபேசியில் ஒரு படம் கிடந்தது: உள்ளங்கையில் ஒரு சாவி, பின்னால் பாதி திறந்த கதவு. சிவமணி அதைப் பெரிதாக்கி, கதவிலிருந்த இலக்கத்தைப் பார்த்தார். கடிதத்தின் மூன்றாம் பக்கத்தோடு ஒப்பிட்டார். சரியாக இருந்தது.

"ஓம் பிள்ளை," என்று குரல்பதிவு அனுப்பினார், "அதுதான் உன்ர அறை. உள்ளுக்குப் போய்ப் படு."