துண்டு கிடக்கும் இயந்திரம்

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை நூல் பிடித்தது. சாமை உமி நீக்கும் இயந்திரத்தின் இரண்டு சக்கரங்களும் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு முனை அவரிடம், மறுமுனை என்னிடம்.

"உங்க கம்பெனியில நூலோட ஒவ்வொரு முனைக்கும் ஒரு ஆபீசர் இருப்பாங்களா கண்ணு?" என்றார்.

ஓசூரில் என் வேலை, புது இயந்திரங்களை வடிவமைக்கும் குழுக்களுக்கு ஆளையும் பொருளையும் பங்கிடுவது. செம்மேட்டுப் பட்டறையில் அம்மாவுக்கும் அதே வேலைதான். பங்கிட இருந்தது ஒரு வெல்டர், சின்னுசாமி. சோதித்துப் பார்க்க ஒரே மோட்டார்.

ஊருக்கு அமலோற்பவம் டீச்சரான அம்மா, ஐ.டி.ஐ.யில் பாடம் நடத்த நாமக்கல்லிலிருந்து மலையேறியவர். ஓய்வு பெற்றும் இறங்கவில்லை, விவசாயிகளுக்கு இயந்திரம் செய்து தரும் பட்டறை வைத்தார். அங்கே நிர்வாகம் என்பது ஒரு சிவப்புத் துண்டு. எந்த இயந்திரத்தின் மேல் துண்டு கிடக்கிறதோ, அன்றைக்குச் சின்னுசாமியும் மோட்டாரும் அதற்குத்தான். விவசாயிகள் இதைச் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். அம்மா டீ போட உள்ளே போய்த் திரும்பினால் துண்டு இடம் மாறியிருக்கும். அவர் கண்டுகொள்ள மாட்டார். இவ்வளவு தூரம் வந்து துண்டைத் திருடுகிறார்கள் என்றால் அவசரம் இருக்கும் என்பார்.

நான் கணினியில் ஒரு வேலைத் திட்டம் போட்டு, பெரிய தாளில் அச்செடுத்துக் கொடுத்தேன். மிகவும் மெச்சினார். அடுத்த முறை வந்தபோது அதன் மேல் மிளகு காய்ந்துகொண்டிருந்தது.

பாவாயியின் மிளகு உதிர்க்கும் இயந்திரத்தோடு மோட்டாரும் வெள்ளோட்டத்துக்காக அவர் ஊரான வாசலூர்பட்டிக்குப் போனது. திரும்பவில்லை. அது இல்லாமல் கண்ணாயியின் சாமை இயந்திரத்தை ஓட்டிப் பார்க்க முடியாது. தேவனூர் நாடு என்ற மலைக்கிராமங்களில் கண்ணாயியும் அக்கம்பக்கத்துப் பெண்களும் சாமை மூட்டைகளை பஸ்ஸில் ஏற்றி அடிவாரத்து மில்லுக்குக் கொண்டுபோகிறார்கள். திருவிழாவுக்குள் இயந்திரம் தருவதாக அம்மா சொல்லியிருந்தார்.

மோட்டாரைக் கேட்கப் போனார். மரவள்ளிக் கிழங்கோடு வந்தார். மறுபடி போனார், வாழைத்தாரோடு வந்தார். நூல் பிடித்த அன்று நான் கேட்டேவிட்டேன்.

"மிளகு பறிக்கிற நேரத்துல எப்படிக் கேக்குறது? நாளைக்குப் போயி வாங்கியாரேன்."

மறுநாள் காலை அவர் எழவில்லை.

துக்கத்துக்கு வந்த பாவாயி என் கையைப் பிடித்துக்கொண்டார். "டீச்சரு ரெண்டு தடவ வந்தாங்க சாமி. எதையோ சொல்ல வந்தாப்புல இருந்துச்சு. சொல்லாமயே போயிட்டாங்க."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"மிளகு எப்படிங்க இந்த வருசம்?" என்றேன்.

எல்லோரும் போன பிறகு பட்டறைக்குள் போனேன். துண்டு கண்ணாயியின் இயந்திரத்தின் மேல் கிடந்தது. யார் நகர்த்தினார்களோ தெரியவில்லை. சின்னுசாமி அதன் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

மோட்டார் வாசலூர்பட்டியில்தான் இருக்கிறது.