கதவைத் தாழிடாத ஜமீலா டீச்சர்

ஒருவர் நம்மைக் கவர்ந்துவிட்டார் என்கிறோம். அப்படியானால் நம்மிடமிருந்து எதை எடுத்துக்கொண்டார்? இத்தனை காலம் ஆங்கிலம் கற்பித்தும் எனக்கு இதற்கு விடை தெரியாது. இதைப் பற்றி என்னோடு சண்டை போட்டவரும் போன வாரம் போய்விட்டார்.

செய்தி பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அதில் வருவதை நான் நம்புவதில்லை. வீட்டுக்கே போன் செய்தேன். மகள் எடுத்தாள். "ஆமா ஆன்ட்டி. தூக்கத்துலயே போயிட்டாங்க."

ஜமீலா டீச்சரை அறிந்த உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு சொல்லைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். எழுத உட்கார்ந்தால் துக்கத்தை முந்திக்கொண்டு அந்த நாட்களின் உற்சாகம்தான் வருகிறது.

பத்தாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளுக்கு நாங்கள் மாலையில் சிறப்பு வகுப்பு எடுத்தோம். இரண்டு அறைகளுக்கும் நடுவில் வெறும் தட்டி. அவர் பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்கும். அன்று ‘கேப்டிவேட்’ என்ற வினைச்சொல்லுக்குப் பொருள் கேட்டார். வடக்குத்து கிராமத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி பதில் சொன்னாள்.

"கேப்டிவ் மைன்ஸ்னா ஒரே பிளான்ட்டுக்குத்தான் கரி குடுத்துகினு இருக்கும் டீச்சர். அப்போ கேப்டிவேட்னா, வேற யாருக்கும் குடுக்காத, எனக்கே குடுன்னு சொல்றது."

நெய்வேலிப் பிள்ளையைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத தவறு. நானாக இருந்தால் தவறு என்று சொல்லி உட்காரவைத்திருப்பேன். ஜமீலா டீச்சர் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

"கிட்ட வந்துட்ட கண்ணு. ஆனா அந்தக் கரிக்குப் போக வேற எடம் இல்ல. நமக்கு எடம் இருக்கும், கதவும் தெறந்திருக்கும், ஆனாலும் போக மாட்டோம். அதுதான் கேப்டிவேட்."

ஆசிரியர் அறையில் நான் விடவில்லை. அகராதியில் கதவெல்லாம் கிடையாது, அந்தச் சொல்லின் வேரே சிறைபிடிப்பதுதான் என்றேன்.

"நம்ம தமிழ் மட்டும் என்னாவாம்?" என்று விரல் மடக்கினார். "கட்டிப்போட்டார், கவர்ந்தார், மனசக் கொள்ளையடிச்சார். எல்லாமே போலீஸ் கேஸுங்க. ஆனா ஒருத்தரும் கம்ப்ளெய்ன்ட் குடுக்கல, பாத்தீங்களா?"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்போது தலைமையாசிரியர் உள்ளே வந்தார். குறிஞ்சிப்பாடி பஸ் சிறப்பு வகுப்பின் நடுவில் வரும். ஹாரன் கேட்டதும் ஜமீலா டீச்சர் வகுப்பில் பாதிப் பேர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். அது தலைமையாசிரியர் காதுக்குப் போயிருந்தது.

"நாளையிலேர்ந்து கதவைத் தாழ் போட்டுப் பாடம் நடத்துங்க டீச்சர்."

"அப்பிடி ஒக்கார வெச்சா அதுங்க கேப்டிவ் மைன்ஸ் ஆயிடும் சார்."

"வெளையாடாதீங்க. நாளைக்கு வந்து பாப்பேன். பசங்க ஓடியிருந்தா அந்த செக்‌ஷன் உங்களுக்கு இல்ல."

"சரிங்க சார். கதவு தெறந்தே இருக்கும்."

ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஜமீலா டீச்சரே கூட்டிவந்த பிள்ளைகள் அவர்கள். தலைமையாசிரியர் போன பிறகு அவர் டீயைத் தொடவில்லை. "அதுங்களை வுட்டுட்டு நான் என்னாங்க பண்ணுவேன்?" என்று மட்டும் கேட்டார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். பாடம் தொடங்குமுன் கதவை அகலத் திறந்துவைக்கிறேன். என் வகுப்பில் எல்லோரும் இருந்துவிடுவதில்லை. அதுவும் எனக்குத் தெரிய வேண்டியதுதான்.

தலைமையாசிரியர் எச்சரித்த மறுநாள் நடந்ததை உள்ளபடி எழுதி நிறுத்துகிறேன்.

தறிக்குழியில் கால் விட்டு நெய்துகொண்டிருந்த ஒருவரின் காலருகே பாம்பு வந்த கதையை டீச்சர் எளிய ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். ஹாரன் கேட்டது. அவரே நிறுத்தினார்.

"பஸ் வந்துடுச்சு. கெளம்புங்க."

பெஞ்சுகள் நகரும் சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை.

"பாம்பு என்னா ஆச்சு டீச்சர்?" என்றது ஒரு குரல்.

"பஸ்ஸை வுட்டுட்டு வூட்டுக்கு எப்பிடிப் போவீங்க? நடங்க, சொல்லிகினே வரேன்."

மொத்த வகுப்பும் அவரைச் சூழ்ந்துகொண்டு வெளியேறியது. என் வகுப்பிலும் பாதி கூடவே போயிற்று. பிறகு நானும் போனேன்.

தலைமையாசிரியர் வந்தபோது அறை காலி. முகம் சிவக்க வாசலுக்கு வந்தார். பஸ் நின்றிருந்தது, ஒருவரும் ஏறவில்லை. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு ஜன்னலில் முழங்கையை ஊன்றியிருந்தார். தலைமையாசிரியர் கூட்டத்தின் பின்னால் எனக்குப் பக்கத்தில் சற்று நேரம் நின்றார். பிறகு குரலை உயர்த்தினார்.

"டீச்சர், அந்த ஆளு காலை வெளில எடுத்தாரா இல்லையா?"