சாக்கின் எடை

கல்லூரியில் நாங்கள் ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழி படித்தது எண்பதுகளின் முற்பகுதியில். இந்தச் சம்பவத்தின் தேதியை நான் குறித்து வைக்கவில்லை. தீபாவளி விடுமுறை முடிந்து போடி ரயிலில் மதுரை திரும்பிய வாரம் என்பது மட்டும் உறுதி.

பத்து மூட்டைகளின் எடையைக் கூட்டி மொத்தம் காட்டும் நிரல் ஒன்றை எழுதச் சொல்லியிருந்தார் ஆசிரியர். வகுப்பில் எல்லோருக்கும் ஒரே விடை வந்தது. எனக்கும், எங்கள் போடிப் பக்கத்துச் சிலமலையிலிருந்து வந்த நண்பனுக்கும் மட்டும் குறைந்தது. இருவருமே ஒவ்வொரு மூட்டையிலும் சாக்கின் எடையைக் கழித்திருந்தோம். கேள்வியில் சாக்கு என்ற பேச்சே இல்லை.

"ஒரே ஊர்ப்பக்கம், ஒரே தப்பு. யாரு யாரப் பாத்து எழுதினது?"

"யாரும் பாக்கல சார்," என்றேன்.

"நீ ஒரு கிலோ கழிச்சிருக்க, அவன் ரெண்டு. நம்பர மாத்திட்டா எனக்குத் தெரியாதா?"

காப்பியடித்ததாக அவர் எழுதிக் கொடுத்தால் நண்பனின் கல்லூரிக் கட்டணச் சலுகை போய்விடும். சலுகை போனால் அவன் படிப்பும் நின்றுவிடும். அவன் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் வாய் அடங்கவில்லை.

"சாக்கையும் சேத்து நிறுத்தா எவன் சார் வாங்குவான்?"

வகுப்பே சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை. என்னை வெளியே அனுப்பிவிட்டு, ஏன் இரண்டு கிலோ என்று அவனிடம் கேட்டிருக்கிறார். அவர்கள் வீட்டில் பருத்தி. அதை அடைக்கும் தாட்டுச் சாக்கு பெரியது, கனமானது என்றிருக்கிறான். பிறகு என்னை அழைத்து, ஏன் ஒரு கிலோ என்றார். எங்கள் வீட்டில் ஏலக்காய். சின்னச் சாக்கு, உள்ளே ஒரு பாலிதீன் உறை, அவ்வளவுதான் என்றேன்.

சிறிது நேரம் இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். "பாத்து எழுதினவனா இருந்தா இதுக்குக் காரணம் சொல்ல முடியாது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு இருவருக்கும் பாதி மதிப்பெண் போட்டார். "கேட்டதுக்கு மட்டும் பதில் எழுதுங்கப்பா."

பின்னாளில் நானும் ஆசிரியராகி விடைத்தாள் திருத்தினேன். ஒரே தவறு இரண்டு தாள்களில் வந்தால், எழுதியவர்களை அழைத்து ஏன் என்று கேட்காமல் ஒருமுறையும் முடிவு செய்ததில்லை.

அன்று வகுப்பை விட்டு வெளியே வந்ததும் நண்பன் பெருமூச்சு விட்டான்.

"தப்பிச்சோம் மாப்ளே. ஆனா இந்த மனுசன் சாக்கோட சேத்து வாங்குறாரே, வெரசா ஊருக்குத் தகவல் சொல்லு, ஒரு லோடு அனுப்பிருவோம்."