பெயர் போட்ட தாள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தூத்துக்குடியில் ஒரு சின்ன அச்சகத்தில் எழுத்துக் கோக்கிற வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளைக்கு இல்லாத படிப்பைப் போடச் சொன்னால், பெரிய மனுஷர் என்றுகூடப் பார்க்காமல் கேட்டுவிடுவேன். பேச வேண்டிய அன்றைக்கு மட்டும் அந்த வாய் எங்கே போச்சுதோ, தெரியவில்லை.

எழுபத்தேழில் கொழும்பில் தமிழரை அடித்து விரட்டினார்களே, அந்த வருஷம். அங்கே துணிக்கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர், கடை எரிந்து, உடுத்த வேட்டியோடு ஊர் வந்து சேர்ந்தார். அவர் பெண்டாட்டியும் மகளும் அங்கேயே பிறந்தவர்கள். இந்தப் பக்கம் வரக் காகிதம் கிடைக்கவில்லை. ஒரு சிங்களக் குடும்பம் அவர்களைத் தன் வீட்டுப் பின்கட்டில் ஒளித்து வைத்திருந்தது.

ஒரு நாள் காலையில் அண்ணாச்சி ஒரு கவிதையோடு வந்தார். நோட்டீசாக நூறு அடிக்க வேண்டும், அடியில் தன் பெயரும் கொழும்பில் கடை இருந்த தெருவும் வர வேண்டும் என்றார்.

‘பெயரைக் கேட்டாய், சொன்னேன்.
கடையை எரித்துவிட்டு
இப்போது ஊரைக் கேட்கிறாய்.’

கோத்து மிஷினில் ஏற்றியாயிற்று. இருபது தாள் ஓடியிருக்கும். மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, பொம்பளைப் பிள்ளையை அங்கன விட்டுவிட்டு இங்கன பெயர் போட்டு வீரம் காட்டுகிறீரா என்று சண்டைக்குப் போனேன்.

“பேரைக் கேட்டுத்தானே தங்கச்சி கொளுத்துனான். பேரில்லாம எதுக்குப் பாட்டு?” என்றார். பிறகு, மகளை நினைத்தோ என்னவோ, எடுத்துவிடு என்றார். பெயரை உருவிவிட்டு நூறு அடித்தோம். ஒன்று விடாமல் கட்டி எடுத்துப்போனார்.

பெயர் போட்ட இருபதும் மூலையில் கிடந்தன. வீணான தாளை எல்லாம் பொட்டலம் கட்டப் பக்கத்து மிட்டாய்க் கடைக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். எரித்திருக்க வேண்டும். வழக்கம்போல நானேதான் அள்ளிக் கொடுத்தேன்.

அண்ணாச்சி அதே கடையில் மகளுக்கு மக்ரோன் வாங்கி, கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிப்போகும் தோணிக்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டார். உள்ளே எங்கள் தாள், மேலே பழைய பேப்பர், அதற்கு மேல் சணல். அவர் கண்ணில் எப்படிப் படும்?

தோணிக்காரர் திரும்பி வந்து சொன்னது இதுதான். கொழும்புத் துறைமுகத்தில் பொட்டலத்தைப் பிரித்த அதிகாரிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். மக்ரோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். பாட்டு அச்சடித்த தாளை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். யாருக்குக் கொண்டுபோகிறாய் என்று அதட்டியதில், பயந்துபோய் வீட்டைச் சொல்லிவிட்டாராம்.

அண்ணாச்சி ஓடி வந்தார். மூச்சு வாங்கியது.

“தங்கச்சி, மிட்டாய்க் கடைக்கு நீங்க குடுத்த வீணான தாளு பேரு போட்டதா, போடாததா? போட்டதுன்னா இப்பவே தந்தி குடுத்து வீட்டை மாத்தச் சொல்லணும். போடாததுன்னா வெறும் பொட்டலத் தாளுன்னு விட்டுருவான்.”

கடைக்குப் போனது பெயர் போட்டது மட்டும்தான். கொடுத்தவள் நான். அவர் முகத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். பாவி நான்.

“போடாததுதான் அண்ணாச்சி” என்றேன்.

நல்ல காலம் என்று நெஞ்சைத் தடவிக்கொண்டார். தந்தி ஆபீசுக்குப் போகாமல் வீட்டுக்குப் போனார். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடும் தூரத்தில்தான் நடந்துகொண்டிருந்தார்.

மூன்று வாரம் கழித்து, மகளுக்கு அவர் போட்ட கடிதம் பிரிக்காமலே திரும்பி வந்தது. அதை நேரே என்னிடம்தான் கொண்டுவந்தார். உறைமேல் சிங்களத்தில் ஏதோ எழுதியிருந்தது. விரலை வைத்து வாசித்துக் காட்டினார்.

“அந்த வீட்டுல இப்ப யாருமே இல்லையாம், தங்கச்சி.”